பழைய குரோனோகிராஃபும் அசல்தன்மையும்
புதன், ஞாயிறு நாள்களில் கூடும் புனேயின் ஜூனா பஜார் போன்ற பழம்பொருள் சந்தைகளுக்கு வரும் கடிகாரங்களுள், நேரம் காட்டுவதோடு கால இடைவெளியையும் அளக்கும் குரோனோகிராஃப் மிகக் கவனமாக ஆராயப்பட வேண்டியதாகும். விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் சுவிஸ் உதிரிபாகங்கள் அரிதானபோது, பழுதுபார்ப்போர் மங்கிய டயலுக்கு மறுவண்ணம் தீட்டியும் வேறு கடிகாரங்களின் முட்களைப் பொருத்தியும் பழைய கடிகாரங்களைப் பயன்பாட்டில் வைத்திருந்தனர். அக்கைத்திறன் போற்றத்தக்கதே எனினும், கடிகாரத்தின் வரலாற்றுச் சான்று அதனால் மறைந்தது. ஒளிரும் பூச்சில் ரேடியத்தின் இடத்தை டிரிட்டியம் பிடித்தது 1960களில்தான் என்பதால், உறையின் வரிசை எண் 1940களைச் சுட்ட, டயலின் அடியில் டிரிட்டியத்தைக் குறிக்கும் ‘டி’ எழுத்து காணப்பட்டால், அந்த டயல் பின்னர் மாற்றப்பட்டது அல்லது திருத்தப்பட்டது என்று கொள்ளலாம். டயல், முட்கள், உறை, உள்ளியந்திரம் ஆகிய நான்கும் ஒரே காலத்தைச் சொல்லும் கடிகாரத்தையே அசல் என மதிப்பது நேர்மையாகும்.