ரஜுலா கப்பலும் ஃபுளூ காய்ச்சலும்

நம் ஜமாஅத்தில் எழுபது வயதைக் கடந்த பெரியவர்களிடம் ‘ரஜுலா’ என்று சொல்லிப் பார்த்தால் முகம் மலர்வதைக் காணலாம். 1926-இல் கட்டப்பட்ட அந்த நீராவிக் கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும், அக்கரையில் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கும் இடையே ஓடியது. சபராளிகளான நம் பாட்டனார்களும் தந்தையரும் அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ஏறத்தாழ ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டே போய் வந்தனர். அக்கப்பலில் வந்த சாமான்களை இன்றும் நினைவில் வைத்திருக்கும் நாம், அதே கப்பலில் வந்த ஒரு நோயை மறந்துவிட்டோம்.

1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவில் ஒரு புதுவகை இன்ஃபுளுயென்சா தோன்றிற்று. ஏப்ரலில் அது ஹாங்காங்கை அடைந்தது. பின்னர் சிங்கப்பூரிலும் பரவியது. மே மாதம் 16-ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்தடைந்த ரஜுலாவில் காய்ச்சலுற்ற பயணிகள் இருந்தனர். ‘ஆசிய ஃபுளூ’ என்று உலகம் அழைத்த அந்நோய் இந்தியாவுக்குள் நுழைந்த வழி இதுவே. 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை நாடெங்கும் 44,51,785 பேர் நோயுற்றதாகவும், 1,098 பேர் இறந்ததாகவும் கணக்கு பதிவாயிற்று. இக்கணக்கை, குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1950-இல் ஏற்பட்ட இன்ஃபுளுயென்சா மையத்தைச் சேர்ந்த ஐ.ஜி.கே. மேனன் 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியிட்டார். ஆஸ்பத்திரிப் படி ஏறாமல் சுக்குக் கசாயத்தோடு வீட்டில் கிடந்தவர்கள் எந்தக் கணக்கில் வந்திருப்பார்கள்!

இது யார்மீதும் பழி சொல்லும் செய்தியன்று. பிழைப்புத் தேடிச் சென்றவர் வீடு திரும்பினார். அவருக்கே தெரியாமல் கிருமியும் உடன் வந்தது. 1918-ஆம் ஆண்டின் பெருங்கொள்ளை நோயும் இவ்வாறே பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கி, இரயில் பாதைகளின் வழியே நாடு முழுவதும் பரவிற்று. அதில் மாண்டோர் 60 லட்சம் என்று அன்றைய அரசு மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர்களோ ஒரு கோடியே இருபது லட்சத்திற்கும் மேல் என்கின்றனர். அப்போது தடுப்பூசி இல்லை. நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதுகூட 1933-இல்தான் நிறுவப்பட்டது.

1918-க்கும் 1957-க்கும் இடையில் நம் மாகாணத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தை இங்கே குறிப்பிட வேண்டும். 1939-இல் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவிலேயே இவ்வகையில் முதலாவதான விரிவான சட்டம் அது. தொற்றுநோயை அதிகாரிகளுக்கு அறிவிப்பது, குடிநீர், கழிவுநீர், சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கூடும் கூட்டத்தின் சுகாதாரம் என அனைத்தும் அதில் இடம்பெற்றன. இன்று நம் தெருவுக்கு வரும் சுகாதார ஆய்வாளரும், குழந்தைக்கு ஊசி போடும் கிராம சுகாதாரச் செவிலியரும் அந்த மரபில் வந்தவர்களே. அவர்களைக் கொசு மருந்து அடிப்பவர்கள் என்ற அளவில் மட்டும் நாம் அறிந்து வைத்திருப்பது வருந்தத்தக்கது.

ஃபுளூ தடுப்பூசி அமெரிக்காவில் இராணுவத்தினருக்காக 1940-களில் உருவாக்கப்பட்டு, 1945-இல் பொதுமக்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. ஈராண்டுக்குள், 1947-இல், அது பயனற்றுப் போயிற்று. வைரஸ் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டிருந்தது. அம்மைக்கும் போலியோவுக்கும் போல, குழந்தைப் பருவத்தில் போட்டுக்கொண்டதோடு இவ்வூசி முடிந்துவிடாது என்பது அப்போது தெளிவாயிற்று. உலகெங்கும் வைரஸைக் கண்காணிக்க 1952-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வலையமைப்பை ஏற்படுத்தியது. ஊசியில் எந்த வகைகள் சேர வேண்டும் என்று ஆண்டுக்கு இருமுறை இப்போது அது அறிவிக்கிறது. ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். சென்னை, வேலூர்ப் பகுதிகளில் ஃபுளூ மிகுவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், ஐப்பசி மழை பிடிக்குமுன் போட்டுக்கொள்வதே பயன் தரும்.

2009-இல் ‘பன்றிக் காய்ச்சல்’ வந்தது. அந்தப் பெயரே நம்மில் பலரை முகஞ்சுளிக்க வைத்தது. நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எண்ணியவர்களும் உண்டு. உண்மையில் அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிய நோய், உணவால் வருவதன்று. இம்முறை கப்பலுக்குப் பதில் விமானம். அவ்வாண்டு ஜூலையில் கெய்ரோவில் கூடிய அரபு நாடுகளின் சுகாதார அமைச்சர்கள், 65 வயதைக் கடந்தோரும், 12 வயதுக்குட்பட்டோரும், கர்ப்பிணிகளும், நாட்பட்ட நோயுடையோரும் அவ்வாண்டு ஹஜ்ஜைத் தவிர்க்க வேண்டுமெனத் தீர்மானித்தனர். இந்தியாவில் தயாரான தடுப்பூசி 2010-ஆம் ஆண்டின் நடுவில்தான் கைக்கு வந்தது.

ஊசியின் ஆகுமான தன்மை பற்றியும் கேள்வி எழுவதுண்டு. ஊசியாகச் செலுத்தப்படும் ஃபுளூ மருந்து பெரும்பாலும் கோழிமுட்டையில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வைரஸால் ஆனது. ஆதலால் அவ்வூசியால் ஃபுளூ வராது. மூக்கில் தெளிக்கும் ஒருவகை மருந்தில் சேரும் பன்றி ஜெலட்டினால் சில நாடுகளில் ஐயம் எழுந்தது. 1995-இல் குவைத்தில் மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களும் கூடிய கருத்தரங்கு, முற்றிலும் வேறு பொருளாக மாறிவிட்ட ஜெலட்டின் தூய்மையானதே என்று முடிவு கூறியது. மேலும் ஐயமுள்ளோர் நம் இமாம் அவர்களிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெளியலாம்.

இனி நம் ஊர் நிலைமைக்கு வருவோம். ஹஜ் பயணிகளுக்கு அரசு சுகாதாரத் துறையினர் முகாம் நடத்தி, மூளைச்சவ்வுக் காய்ச்சல் தடுப்பூசியும் போலியோ சொட்டு மருந்தும் தருகின்றனர். 65 வயதைக் கடந்த பயணிகளுக்கு ஃபுளூ தடுப்பூசியும் போடப்படுகிறது. ஆனால் தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தின் இலவசப் பட்டியலில் ஃபுளூ தடுப்பூசி இல்லை. எனவே ஹஜ்ஜுக்குப் போகும் அத்தாவுக்கு ஊசி கிடைக்கிறது. சர்க்கரை நோயோடும் மூச்சிரைப்போடும் வீட்டில் இருந்து அவரை வழியனுப்பும் அதே வயது அம்மாவுக்குக் கிடைப்பதில்லை. புனிதப் பயணம் முடித்து வருபவரைக் காண ஊரே அவ்வீட்டில் கூடுகிறது. இருமலோடு வந்தவரையும் கட்டித் தழுவி முஸாஃபஹா செய்கிறோம். நிர்வாகக் குழு அடுத்த ஹஜ் முகாமின்போது, பயணிகளின் பட்டியலோடு அவர்தம் வீட்டு முதியோர், நாட்பட்ட நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோரின் பட்டியலையும் தயாரித்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும். விலை கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு பைத்துல்மாலிலிருந்து உதவ முடியுமா என்பதை அதே கூட்டத்தில் முடிவு செய்யலாம்.