மஞ்சள் காமாலையும் தின்னர் டப்பாவும்

நெல்லைப் பக்கம் ஒருத்தருக்குக் கண் மஞ்சளாகிவிட்டால், காரணம் தயாராக இருக்கும். ஒன்று ஊர்த் தண்ணீர் சரியில்லை. இல்லையென்றால் ஆள் 'தண்ணி' போடுகிறவர். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். "என்ன வேலை பாக்கீங்க?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நோயாளியிடம் அதையும் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-லேயே எழுதிவிட்டார். தொழில் நோய்கள் பற்றிய அவருடைய புத்தகத்தில் ஓவியர்களுக்குத் தனி அத்தியாயமே உண்டு. ஆனால் அவர் பயந்தது ஈயம், பாதரசம் கலந்த நிறப்பொடிகளைப் பார்த்து. நிறத்தைக் கரைக்கும் திரவம் சந்தேகத்துக்கு ஆளாக இன்னும் 200 வருஷம் ஆனது.

அந்தக் கதை விமானத்தில் தொடங்குகிறது. முதல் உலகப்போர் கால விமானத்தின் இறக்கை லினன் துணிதான். துணி விறைப்பாக நிற்க அதன்மேல் 'டோப்' என்ற வார்னிஷை பிரஷ்ஷால் பூசுவார்கள். அதைக் கரைக்க டெட்ராகுளோரோஈத்தேன் சேர்த்தார்கள். 1914 கடைசியில் லண்டனை ஒட்டிய ஹெண்டனில் இந்த வேலை செய்தவர்களுக்கு வரிசையாகக் காமாலை வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். வில்லியம் வில்காக்ஸ் என்ற மருத்துவர் நோயாளிகளை மட்டுமல்ல, அவர்கள் பூசிய டோப்பையும் ஆராய்ந்தார். எலிகளை அந்த ஆவியில் வைத்துப் பார்த்ததில், கல்லீரலைக் கெடுப்பது அந்தக் கரைப்பான்தான் என்று தெரிந்தது. 1916-ல் பிரிட்டனில் 'நச்சுக் காமாலை' அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோயானது.

அதை வைத்து இன்றைய தின்னரும் அப்படியே கொல்லும் என்று சொல்லிவிடக் கூடாது. இப்போது தின்னரில் பெரும்பாலும் டொலுவீன், சைலீன் வகைகள்தான். குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் அளவுக்கு இவை கல்லீரலைத் தாக்குவதில்லை. பெயிண்டர்களின் கல்லீரலைச் சோதித்த ஆய்வுகளும் ஒரே பதிலைத் தரவில்லை. சிலவற்றில் நொதிகள் ஏறியிருந்தன, சிலவற்றில் இல்லை. சிக்கல் குடியோடு சேரும்போதுதான். மதுவை உடைக்கும் கல்லீரல் நொதிகளில் ஒன்றான சி.ஒய்.பி.2ஈ1 பல கரைப்பான்களையும் உடைக்கிறது. தொடர்ந்து குடிப்பவருக்கு அந்த நொதி கூடும். கார்பன் டெட்ராகுளோரைடு மாதிரி ஒன்று அப்போது உள்ளே போனால், உடையும்போது உண்டாகும் நச்சுத் துண்டுகளும் கூடும். "அவன் குடிகாரன், அதான்" என்று முடித்துவிடுவது பாதி உண்மையைக்கூடத் தொடாமல் போகலாம்.

வாழைப்பழம் சாப்பிட்டால் உள்ளே போனது இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதுவும் இங்கே உதவாது. ஆவி வயிற்றுக்குப் போவதில்லை. நுரையீரல் வழியாக நேரே ரத்தத்துக்குப் போகிறது. கையைத் தின்னரில் கழுவினால் தோல் வழியாகவும் கொஞ்சம்.

தாமிரபரணிக் கரையில் பெயிண்ட் புதுசு அல்ல. திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள்ளே நாயக்கர் கால ஓவியங்கள் இருக்கின்றன. குற்றாலத்துச் சித்திர சபையில் நடராஜரே சுவரோவியம்தான். அந்த ஓவியர்களின் மூக்கில் தின்னர் வாசனை ஏறியிருக்க வழியே இல்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பும் காவியும் தண்ணீரில் கரைந்தவைதான். சுண்ணாம்பு கண்ணைப் பொத்துவிடும், அது வேறு. இப்போதும் சுவருக்கு எமல்ஷன் அடித்தால் அது தண்ணீரில் கரைகிறது. கிரில், கதவு, பீரோ, கார் பட்டறை ஸ்பிரே என்று வந்தால்தான் தின்னர். அதிலும் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கிற வேலை மோசம். தூசி ஒட்டக் கூடாது என்று ஃபேனைக்கூட நிறுத்திவிடுவார்கள்.

ஹெண்டனில் பிறந்த அந்தப் பெயர் இந்தியச் சட்டத்துக்கும் வந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், நச்சுப் பொருட்களால் வரும் காமாலை தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்கு அது வந்ததாகப் பார்த்த மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று 89-ம் பிரிவு சொன்னது. ஆனால் அந்தச் சட்டத்தில் தொழிற்சாலை என்றால் பொதுவாக மின்சக்தி உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்ய வேண்டும் என்று இருந்தது. பாளையங்கோட்டையில் ரெண்டு பேர் சேர்ந்து ஒரு வீட்டு ஜன்னலுக்கு எனாமல் அடித்தால் அது தொழிற்சாலை இல்லை. அவர்களில் ஒருவருக்குக் காமாலை வந்து, எந்த மருத்துவராவது காரணத்தைக் கண்டுபிடித்திருந்தாலும், அந்தப் பிரிவின்படி எழுத அவருக்கு இடமிருக்கவில்லை.