மூன்று வயதுக்கு ஆசிரியர் யார்? இந்தியாவில் மழலையர் கல்விப் பயிற்சியும் ஆசிரியர் மனப்பாங்கும் (1920–2024)

முன்னுரை

மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பது தனியே பயின்று செய்ய வேண்டிய தொழில் என்ற எண்ணம் இந்தியாவில் தோன்றி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. இந்தக் காலத்தில் பயிற்சி பெற வந்தவர்களும் பயிற்சியின் அளவும் நோக்கமும் பலமுறை மாறின. கூடவே ஆசிரியர்கள் தம் பணியைக் கருதிய விதமும் மாறியது. மனப்பாங்கை உருவாக்கியதில் பயிற்சிக் கூடத்தைவிடப் பணியிடப் பொறுப்புகளுக்கும் பதவி நிலைக்கும் கூடுதல் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. பாவ்நகரும் அடையாறும்

வழக்கறிஞராக இருந்த கிஜுபாய் பதேகா, 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தின் கீழ் பாலமந்திரம் என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். ஆசிரியர் பயிற்சியும் அங்கேயே தொடர்ந்தது. 1926இல் அவரும் தாராபாய் மோடக்கும் நூதன் பால சிட்சண சங்கத்தை அமைத்தனர். அடியும் அதட்டலும் இன்றி, கதையும் விளையாட்டும் கொண்டு குழந்தையை அணுகுவதே இவர்கள் வகுத்த பயிற்சியின் உயிர்நாடி. 1932இல் வெளிவந்த கிஜுபாயின் ‘திவாஸ்வப்னா’ தொடக்கப் பள்ளியைக் களமாகக் கொண்டது. புதிய முறையை முயலும் ஓர் ஆசிரியருக்குச் சக ஆசிரியர்களின் ஏளனமே முதல் தடை என்பதை அந்நூல் அன்றே காட்டிவிட்டது.

1939இல் மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சபையின் அழைப்பில் மகன் மாரியோவுடன் சென்னை வந்தார். அடையாற்றில் நடந்த முதல் வகுப்பில் நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தனர். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் மாரியோ சிறைவைக்கப்பட்டார். மாண்டிசோரியின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. ஆயினும் பயிற்சி நிற்கவில்லை. போர் ஆண்டுகளில் அது கொடைக்கானலிலும் தொடர்ந்தது.

அப்பயிற்சியின் தன்மையை ஒரு சாதனத்தைக் கொண்டே விளக்கலாம். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றுக்குரிய குமிழ் வைத்த பத்து உருளைகள். ஒவ்வோர் உருளையும் தனக்குரிய குழியில்தான் சரியாகப் பொருந்தும். ஆசிரியை அதிகம் பேசாமல், மெதுவாக ஒருமுறை செய்து காட்டிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். குழந்தை மாற்றி வைத்தாலும் திருத்தக் கூடாது. கடைசியில் இடமின்றி மிஞ்சும் உருளை பிழையைச் சொல்லிவிடும். பயிற்சி மாணவர்கள் இப்படி ஒவ்வொரு சாதனத்தையும் கையாளும் முறையைத் தாமே ஏட்டில் எழுதித் தொகுத்தனர். குறுக்கிடாமல் கவனிக்கும் பொறுமைதான் அங்கே கற்பிக்கப்பட்ட முதல் பாடம். ஆனால் பல மாதம் ஒதுக்கிக் கட்டணமும் செலுத்த வசதி உள்ளவர்களுக்கே அப்பாடம் எட்டியது. அதன் பயனும் பெரும்பாலும் நகரத்துத் தனியார் பள்ளிகளிலேயே தங்கிவிட்டது.

2. முற்றத்தைத் தேடிச் சென்ற பள்ளி

இந்த வரம்பை முதலில் உடைத்தவர் தாராபாய் மோடக். 1945இல் மும்பைக்கு வடக்கே போர்டி கிராமத்தில் அவர் தொடங்கிய பணியில் அனுதாய் வாக் இணைந்தார். 1957இல் பணி கோஸ்பாடுக்கு, வார்லி பழங்குடியினரிடையே, நகர்ந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது ஆசிரியைகள் குடியிருப்பின் முற்றத்துக்கே போனார்கள். விலையுயர்ந்த மரச் சாதனங்களின் இடத்தில் கூழாங்கல், விதை, இலை, களிமண் வந்தன. பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைவாரிவிட்ட பிறகே பாட்டும் கதையும். பராமரிப்பும் கற்பித்தலும் ஒரே பணி என்ற பார்வை இங்கேதான் உருப்பெற்றது. ஆசிரியை உள்ளூர்ப் பெண்ணாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும் என்பதும் இங்கிருந்து பிறந்த படிப்பினையே.

3. விரிந்த திட்டம், சுருங்கிய பயிற்சி

1944ஆம் ஆண்டின் சார்ஜண்ட் அறிக்கை, பயிற்சி பெற்ற பெண் ஆசிரியர்களைக் கொண்ட இலவச மழலையர் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1953இல் அமைந்த மத்திய சமூக நல வாரியம், துர்காபாய் தேஷ்முக் தலைமையில் ஊர்ப்புறங்களில் பால்வாடிகளைப் பரப்பியது. 1960களின் தொடக்கத்தில் இந்தியக் குழந்தைகள் நலக் கழகம் பாலசேவிகைகள் எனப்பட்ட மழலையர் பணியாளர்களுக்கு ஏறக்குறைய ஓராண்டுப் பயிற்சி அளித்தது. பின்னர் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு, உணவு, உடல்நலம், கல்வி மூன்றையும் பிரிக்காமல் வழங்க வேண்டும் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வி ஒன்று. இன்று நாடெங்கும் அதன் கீழ் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இவ்வளவு மையங்களின் பணியாளர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி அளிக்க எந்த அரசும் முன்வரவில்லை. பணியாளரின் அடிப்படைப் பயிற்சி காலப்போக்கில் 26 வேலைநாளாகச் சுருங்கியது. அதற்குள்ளும் ஊட்டச்சத்து, தடுப்பூசி, பதிவேடு எல்லாம் அடங்க வேண்டும்.

மையத்தின் அன்றாடத்தைப் பார்த்தால் விளைவு விளங்கும். எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். சத்துமாவு வழங்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பதிய வேண்டும். 11 பதிவேடுகளை நிரப்ப வேண்டும். 2021 முதல் கைப்பேசிச் செயலியும் சேர்ந்துகொண்டது. மேற்பார்வையாளர் வந்தால் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார். பிள்ளைக்கு எந்தக் கதை சொன்னீர்கள் என்று கேட்பது அரிது. எதைக் கணக்குக் கேட்கிறார்களோ அதுவே முதன்மைப் பணி என்று பணியாளர் கருதுவதில் வியப்பில்லை.

4. தமிழ்நாடு: தகுதியும் தயக்கமும்

தமிழகத்தில் 1980இல் உலக வங்கி உதவியுடன் ஊட்டச்சத்துத் திட்டமும், 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டமும் வந்தன. இவற்றால் ஊர்தோறும் குழந்தைகள் மையமும் அதற்கொரு பணியாளரும் உறுதியாயினர். மையத்தின் அடையாளம் சோறும் எடைத்தராசுமாக நிலைத்தது, கல்வி பின்தங்கியது. ஆங்கிலவழி நர்சரிகள் பெருகியதும், எழுதப் படிக்கச் சொல்லித்தருவதே கல்வி என்று நம்பிய பெற்றோர் பிள்ளைகளை அங்கே மாற்றினர்.

இதற்கு விடையாக 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கப்பட்டன. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் அங்கு மாற்றப்பட்டனர். எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஆசிரியர் தரப்பின் வாதம் இரண்டு: தம் பட்டயப் பயிற்சி ஒன்றாம் வகுப்பு முதலான பிள்ளைகளுக்கானது, அங்கன்வாடிக்கு அனுப்புவது பதவி இறக்கம். முதல் வாதம் நியாயமானது. மூன்று வயதுக் குழந்தையைக் கையாளும் பயிற்சி அவர்களுக்குத் தரப்படவில்லை. இரண்டாவது, சின்ன வகுப்பு என்றால் சின்ன வேலை என்று நெடுங்காலமாக ஊறிப்போன மனப்பாங்கின் வெளிப்பாடு. 2022 ஜூனில் இவ்வகுப்புகளை நிறுத்தும் அறிவிப்பு வந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அதன்பின் தற்காலிக ஆசிரியர்கள் குறைந்த தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர்.

இவ்வாறு ஒரே வளாகத்தில் இருவகைப் பணியாளர் இருந்தனர். பட்டயமும் முழுச் சம்பளமும் உள்ளவருக்கு இந்த வயதுப் பிள்ளைகளிடம் அனுபவம் இல்லை. பல்லாண்டு அனுபவமுள்ள அங்கன்வாடிப் பணியாளருக்கோ ஆசிரியர் என்ற தகுதி இல்லை.

5. அண்மைப் போக்குகள்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பையும், அதற்குக் குறைந்த கல்வி உடையவருக்கு ஓராண்டுப் பட்டயத்தையும், பெரும்பாலும் தொலைவழியில், முன்மொழிந்தது. 2023இல் தொடங்கிய ‘போஷண் பி, படாய் பி’ (ஊட்டமும் படிப்பும்) திட்டம் பணியாளருக்கு மூன்று நாள் பயிற்சி தந்தது. இதற்கிடையே 2022 ஏப்ரலில், குஜராத் வழக்கொன்றில், அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் ஆற்றுவது பகுதிநேரத் தொண்டு என்ற வாதத்தை அத்தீர்ப்பு ஏற்கவில்லை.

முடிவுரை

மூன்று செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, மையங்கள் பெருகப் பெருகப் பயிற்சியில் குழந்தையைக் கவனிக்கும் பகுதி சுருங்கியது. இரண்டு, பராமரிப்பும் கல்வியும் ஒன்றே என்ற கோஸ்பாடின் பார்வையை ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் ஏட்டளவில் ஏற்றது. கண்காணிப்பு முறை அதைப் பிரித்துவிட்டது. மூன்று, மனப்பாங்கைப் பயிற்சி மட்டும் மாற்றாது. 2019இன் எதிர்ப்பு காட்டியதுபோல, சின்னஞ்சிறாருக்குக் கற்பிக்கும் பதவி தாழ்ந்ததாக வைக்கப்பட்டிருக்கும் வரை, நன்கு பயின்றவரும் அதிலிருந்து விலகவே விரும்புவார். சான்றிதழ் பெறும் பணியாளருக்கு அதற்கேற்ற ஊதியப் படிநிலையும், பதிவேட்டுச் சுமையிலிருந்து விடுபட்ட கற்பித்தல் நேரமும் சேர்ந்து கிடைத்தால்தான் 6 மாதப் படிப்பு பயன்தரும். இல்லையேல் அதுவும் அவர் நிரப்ப வேண்டிய மற்றொரு படிவமாகவே முடியும்.