பெட்டிமுடி உரைக்கும் வரலாறு

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நிலப் பட்டாவையும் தேடுவர். இவற்றுள் ஒன்றும் இல்லாத ஊருக்கு வரலாறு உண்டா? உண்டு என்பதற்குக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடி சான்றாகும்.

மூணாற்றுக்கு அப்பால், இராசமலையையும் கடந்து, இரவிகுளத்துக் காட்டை ஒட்டியிருந்த தேயிலைத் தோட்டக் குடியிருப்பு அது. அம்மலைநாட்டின் தோட்ட வரலாற்றை 1877-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். அவ்வாண்டில்தான் ஜான் டேனியல் மன்றோ என்னும் வெள்ளையர், பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1880-இல் ஷார்ப் என்பார் அங்குத் தேயிலை பயிரிட்டார். துரைமாரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வறண்ட ஊர்களை விட்டு, கங்காணிமார் பின்னே மலையேறிக் காடு திருத்தியோரின் பெயர்கள் எந்த நூலில் உள்ளன?

அவர்களுக்குக் கிடைத்த வீடு லயம்; ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிறு அறைகள். வேலை உள்ளவரை வீடு உண்டு. வேலை முடிந்தால் வீடும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியும், வாழ்ந்த மண்ணில் ஒரு சாண் நிலமும் அவர்களுக்கு உரியதன்று. பட்டாவில் பெயர் இல்லை. ஆதலால் ஊர் வரலாற்றிலும் பெயர் இல்லை.

அம்மலையில் மழை வாழ்வும் தரும், அழிவும் தரும். 1924 ஜூலைப் பெருவெள்ளத்தில் மூணாறு நகரம் பாழாயிற்று. அங்கிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிற்றிரயில் பாதை அழிந்தது. பிறகு அது அமைக்கப்படவே இல்லை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. 70 உயிர்கள் மாண்டன. அவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்விகமாகக் கொண்டோர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனமையால், விடிந்த பின்னரே செய்தி வெளியுலகை எட்டியது. பிழைத்தோருள் எட்டுக் குடும்பங்களுக்குப் பின்னர்க் குற்றியாரில் வீடு கட்டித் தரப்பட்டது. லயங்கள் நின்ற இடத்தில் இன்று குடியில்லை.

பெட்டிமுடியைக் கடந்து செல்லும் பாதை, முதுவர் வாழும் இடமலைக்குடிக்குப் போகிறது. தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர் என்பது முதுவரின் மரபு வழக்கு. கல்வெட்டோ ஏடோ துணையின்றி, பாட்டன் சொல்லப் பேரன் கேட்டு அதனைக் காத்து வருகின்றனர். சொல்லிவைத்தால் வரலாறு நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நாமும் பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தவர்களே. நம்மில் பலர் வாழும் குவார்ட்டர்ஸ், பணி ஓய்வு பெறும் நாளில் நம் கையை விட்டுப் போவதே. நாம் இங்கு வாழ்ந்தோம் என்பதற்குச் சுவரும் கூரையும் சான்றாக நிற்கமாட்டா. எனவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுக்கட்டும். எந்த ஊரை விட்டு, எந்த ஆண்டில், யாருடன் வந்தோம். என்ன வேலை செய்தோம். எங்கே குடியிருந்தோம் என்பவற்றை முதியோர் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். அப்பிள்ளைகளின் கையெழுத்தே நமக்குக் கல்வெட்டாகும்.