பிரிமவேரா: மரத்திற்கும் உணவுக்கும் ஒரு வசந்தப் பெயர்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில் தூன், பிரியன்ஸ் என்னும் இரு ஏரிகளுக்கு இடையே அமைந்துள்ள சுற்றுலா நகரம் இன்டர்லாக்கன். ஏரிகளுக்கு நடுவே என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து பிறந்த இந்தப் பெயரை இவ்வூர் முறைப்படி ஏற்றது 1891ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் அது ஆர்மூலே என அழைக்கப்பட்டது.

இங்கு பேசப்படும் மொழி ஜெர்மன். வசந்த காலத்தை இவ்வூர் மக்கள் 'ஃப்ரூலிங்' என்பார்கள். நாட்டின் ஏனைய தேசிய மொழிகளில் பிரெஞ்சில் அது 'பிரன்தாம்', ரொமான்ஷ் மொழியில் 'பிரிமவைரா', இத்தாலிய மொழியில் 'பிரிமவேரா'. ஆயினும் இத்தாலியச் சொல்லான பிரிமவேரா மட்டுமே மொழி எல்லைகளைத் தாண்டி உலகெங்கும் உணவகப் பட்டியல்களில் இடம் பிடித்திருக்கிறது. மர வணிகர்களின் விலைப்பட்டியலிலும் அதே சொல் உண்டு. ஆனால் அங்கு அது குறிப்பது முற்றிலும் வேறொரு பொருளை.

சொல்லின் பிறப்பு

லத்தீனில் 'பிரிமும்' என்றால் முதல். 'வேர்' என்றால் வசந்தம். இரண்டும் இணைந்து உருவான சொல்லே பிரிமவேரா. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக இந்த 'வேர்' என்பதைத் தமிழின் வேரோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. அதன் உண்மையான உறவு வடமொழியின் 'வசந்த' என்ற சொல்லோடுதான். இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர்களின் முடிவு. வசந்தம் என்று சொல்லும் தமிழர், தம்மை அறியாமலேயே பிரிமவேராவின் உறவுச் சொல் ஒன்றைப் பயன்படுத்துகிறார்.

தமிழின் சொந்தச் சொல்லான இளவேனிலோ வேறு வழியில் பிறந்தது. வேனில் என்பது வெப்பக் காலம். அதன் இளம் பருவம், அதாவது சித்திரையும் வைகாசியும், இளவேனில். பனி விலகுவதைக் கொண்டு வசந்தத்தை அறியும் நாட்டிற்கும், வெயில் ஏறுவதைக் கொண்டு அறியும் நாட்டிற்கும் உள்ள வேறுபாடு இது.

இத்தாலியில் பிறக்காத இத்தாலிய உணவு

'பாஸ்டா பிரிமவேரா' என்பது பட்டாணி, புரோக்கோலி, தக்காளி, காளான், தண்ணீர்விட்டான் வகையைச் சேர்ந்த அஸ்பாரகஸ் முதலிய காய்களை, பாலாடையும் பாலாடைக்கட்டியும் சேர்த்து பாஸ்டாவுடன் கலந்து செய்யும் உணவு. பெயர் இத்தாலியப் பெயர் என்றாலும் இது புகழ்பெற்றது வட அமெரிக்காவில். நியூயார்க்கில் 1974இல் தொடங்கப்பட்ட 'ல சிர்க்' உணவகத்தின் உரிமையாளர் சிரியோ மச்சியோனி, 1975இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தங்கியிருந்தபோது இது உருவானதாகக் கூறப்படுகிறது. 1977இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் செய்முறையை வெளியிட்டதும் இதன் புகழ் பரவியது. உணவகத்தின் பிரெஞ்சுத் தலைமைச் சமையல்காரர் தமது சமையலறைக்குள் பாஸ்டாவை அனுமதிக்க மறுத்ததால், அது வெளியே நடைபாதையில் வைத்துச் சமைக்கப்பட்டதாகவும் ஒரு கதை உண்டு. இவ்வுணவைத் தாமே முதலில் செய்து காட்டியதாக எட் ஜோபி என்ற ஓவியரும் உரிமை கோரினார்.

தமிழ் வாசகருக்கு இதில் முக்கியமானது வேறொன்று. இந்தியப் பள்ளி விடுமுறையையொட்டி இளவேனிலில் இன்டர்லாக்கனுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் சைவ உணவினர் பலர். (இந்தித் திரைப்பட இயக்குநர் யஷ் சோப்ராவுக்கு இந்நகரம் 2016இல் சிலை வைத்ததிலிருந்தே இந்தியர் வருகையின் பெருமதியை உணரலாம்.) காய்கறி என்றதும் ஐயமின்றி பிரிமவேராவைக் கேட்கலாம் என அவர்கள் எண்ணக்கூடும். ஆனால் இதில் பெரும்பாலும் சேர்க்கப்படும் பார்மீசான் வகைப் பாலாடைக்கட்டியில், அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னட் கொண்டே பாலைத் திரித்துச் செய்யப்படுகிறது. சில செய்முறைகளில் கோழிச் சாறும் சேரும். பெயரைப் பார்த்து இதை அறிய முடியாது. சமையலறையில் கேட்டுத்தான் அறிய வேண்டும். 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களில் ஏராளமானோர் சுவிஸ் உணவகச் சமையலறைகளில்தான் முதலில் வேலை பெற்றனர் என்பதால், அந்தக் கேள்விக்குத் தமிழிலேயே பதில் கிடைத்தாலும் வியப்பில்லை.

பாதிரியின் உறவு

மரமான பிரிமவேராவின் தாயகம் தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சல்வடோர், ஹொண்டுராஸ் ஆகிய நாடுகள். ஸ்பானிய மொழியிலும் வசந்தத்துக்கு இதுவே பெயர். கோடைக்கு முந்திய வறண்ட மாதங்களில் இலைகளை உதிர்த்துவிட்டு, மரம் முழுவதும் மஞ்சள் பூக்களாக நிற்பதால் இப்பெயர் வந்தது. ரோசியோடென்ட்ரான் டோனெல்-ஸ்மித்தியை என்னும் அதன் அறிவியல் பெயரில், அமெரிக்கத் தாவரவியலாளர் ஜான் டோனெல் ஸ்மித்தின் பெயர் நிலைத்திருக்கிறது.

இது பிக்னோனியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. நம் பாதிரி மரமும் அதே குடும்பம்தான். கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த, சங்கப் பாடல்கள் வேனிற்காலப் பூவாகப் பேசும் அதே பாதிரி. இரு கண்டங்களிலும் ஒரே குடும்பத்து மரங்கள் வேனிலின் அடையாளமாக விளங்குவது இனிய பொருத்தம்.

வெளிர்மஞ்சள் நிறமும் மென்மையான இழையோட்டமும் கொண்ட இதன் பலகை, அறைகலன்களுக்கும் சுவர்ப் பலகைகளுக்கும் மேலொட்டும் மென்தகடுகளுக்கும் பயன்படுகிறது. வணிகர்கள் இதை 'வெள்ளை மகோகனி' என்றும் அழைப்பர். இது விற்பனைக்கு உதவும் பெயரே தவிர, உண்மையல்ல. மகோகனி வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு இப்போது சட்ட விளைவும் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் செயலகம் ஜெனீவாவில் இயங்குகிறது. 2022இல் பனாமாவில் கூடிய அதன் உறுப்பு நாடுகள், ரோசியோடென்ட்ரான் பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தன. 2024 நவம்பர் 25 முதல் அது நடைமுறையில் உள்ளது. வணிகர் எந்தப் பெயரில் விற்றாலும், பிரிமவேராவின் மரக்கட்டை, அறுத்த பலகை, மென்தகடு, ஒட்டுப்பலகை ஆகியவற்றை எல்லை கடந்து அனுப்ப ஏற்றுமதி அனுமதிச் சான்று தேவை. செய்து முடிக்கப்பட்ட மேசை, நாற்காலிகளுக்கு இது பொருந்தாது.