விட்ட இடத்திலிருந்து: ஜவ்வாது மலைப் பள்ளிகளும் ஏணிப்படி அட்டைகளும்

பழைய பள்ளி ஆண்டு மலர்களைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். எடைக்குப் போகிற கட்டிலிருந்து உருவி எடுத்தவைதான் பெரும்பாலும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் பட்டியல் இருக்கும்: கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு, மாவட்ட அளவில் கபடி, அறிவியல் கண்காட்சியில் எரிமலை மாதிரி. ஒரு காலத்தின் பள்ளி வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள நல்ல ஆவணங்கள் அவை.

ஜவ்வாது மலையின் தொடக்கப் பள்ளிகளைப் பற்றிக் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது இந்த ஆவணம் கைகொடுக்கவில்லை. ஒன்றிரண்டு ஆசிரியர்களும் இருபது முப்பது பிள்ளைகளும் இருக்கிற பள்ளி ஆண்டு மலர் போடுவதில்லை. அங்கே பிள்ளைகளின் கதையைச் சொல்லும் காகிதம் வருகைப் பதிவேடுதான். அதில் எந்த மாதம் எந்த வீட்டுப் பிள்ளை காணாமல் போகிறது, எப்போது திரும்பி வருகிறது, எந்த வருஷத்தோடு அந்தப் பெயர் நின்றுபோகிறது என்பதெல்லாம் இருக்கும். இந்த மலையின் கல்வி வரலாற்றை 'வராத நாட்களின்' வரலாறாகவும் எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது அப்படித்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். காவலூர் வானாய்வகம் என்றால் பலருக்கும் தெரியும். 1968 முதல் தொலைநோக்கி இயங்கிவரும் இடம். அது இருப்பது இந்த மலையில்தான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. முன்பு மலை முழுக்க ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989-இல் மாவட்டம் பிரிந்தபோது ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலைக்கும், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு பக்கம் வேலூருக்கும் போயின. 2019-இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானதும் அந்த மூன்று நாடுகளும் அதற்குள் வந்தன. மலையில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லும் வழிவழிக் கதை. பேசுவது தமிழ்தான்.

இது கல்வி விஷயத்தில் ஒரு முக்கியமான வேறுபாடு. வேறு பல பழங்குடிப் பகுதிகளில் வீட்டு மொழி ஒன்று, பாடப்புத்தக மொழி இன்னொன்று என்பதுதான் முதல் தடை. இங்கே அந்தத் தடை அவ்வளவு பெரிசில்லை. இங்கே தடை, காலம்.

சாமை, கேழ்வரகு விதைப்பு, அறுப்பு. புளி உலுக்கும் பருவம். பலா, தேன். இவை முடிந்தபின் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கோ திருப்பூர்ப் பக்கமோ வேலைக்கு இறங்குகிற மாதங்கள். அப்பா அம்மா இறங்கினால் சின்னப் பிள்ளையும் கூடவே போகும், இல்லாவிட்டால் அதைவிடச் சின்னதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும். பள்ளி நாட்காட்டி ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். மலையின் நாட்காட்டி அப்படி இல்லை.

இதற்கு அரசு கண்ட முதல் பதில் உண்டு உறைவிடப் பள்ளி. பிள்ளை பள்ளியிலேயே தங்கிச் சாப்பிட்டுப் படிக்கட்டும் என்பது யோசனை. பழங்குடியினர் நலத்துறை இன்று தமிழ்நாட்டில் இப்படி 300-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. ஜவ்வாது மலையிலும் அவை உண்டு. போதாததற்கு வனத்துறையே நடத்தும் பள்ளிகளும் இந்த மலையில் இருக்கின்றன. ஆனால் ஆறு வயதில் ஒரு குழந்தையை விடுதியில் விட எல்லாப் பெற்றோருக்கும் மனசு வராது. வந்தாலும், அறுப்புக் காலத்தில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பதிவேட்டில் மறுபடி இடைவெளி விழும்.

இந்த இடைவெளியைப் பழைய வகுப்பறை எப்படி நடத்தியது? ஆசிரியர் மூன்றாம் பாடம் நடத்தும்போது போன பிள்ளை, ஒன்பதாம் பாடத்தில் திரும்பி வரும். நடுவில் போன ஆறு பாடம் போனதுதான். அது பின்வரிசையில் உட்காரும். அடுத்த வருஷம் இன்னும் பின்னால். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் நிற்கும். 'மலைப் பசங்களுக்குப் படிப்பு ஏறாது' என்று கீழே பேசுகிற பேச்சின் உள்விவகாரம் இவ்வளவுதான்.

இதற்கு வேறொரு பதில் ஜவ்வாது மலைக்கு வடக்கே, பாலாற்றையும் தாண்டி, அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிப் பக்கம் உருவானது. ஜே. கிருஷ்ணமூர்த்தி வழிவந்த ரிஷி வேலி பள்ளியின் கிராமக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ராமா தம்பதி 1980-களின் கடைசியிலிருந்து ஒரு வேலை செய்தார்கள். சுற்றுப்புறக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள். ஒரே அறையில் நாலைந்து வகுப்பு. ஒருவர் எப்படி நடத்துவது? பாடப்புத்தகத்தைப் பிரித்து, நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அட்டைகளாக்கினார்கள். அட்டைகளை வரிசைப்படுத்தி ஓர் ஏணி வரைந்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஏணியில் தான் நிற்கிற படியைப் பார்த்து, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்து, வேலையை முடித்து, அடுத்த படிக்குப் போகும். மொத்தச் சாமானும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். இதற்கும் முன்னால், 1972-இல், ரிஷி வேலியில் ஆசிரியராக இருந்த டேவிட் ஹார்ஸ்பரோ கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்ற பள்ளியைத் தொடங்கி, வயது கலந்த வகுப்பை நடத்திக் காட்டியிருந்தார்.

சரி, இது எப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தது? 1990-களில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். குடியாத்தம் பக்கம் பீடிக்கும் தீப்பெட்டிக்கும் கொத்தடிமையாகப் போன பிள்ளைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மீட்டாயிற்று, பத்து வயசுப் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? ஒன்றாம் வகுப்பில் வைத்தால் வெட்கப்பட்டு ஓடிவிடும். ஐந்தில் வைத்தால் ஒன்றும் புரியாது. வகுப்பைப் பார்க்காமல் படியைப் பார்க்கும் முறை அங்கேதான் தேவைப்பட்டது. பிறகு அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குப் போய்ப் பார்த்து வந்தார்கள். 2003-இல் 13 பள்ளிகளில் ஆரம்பித்து அடுத்து மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. அவரே அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானபோது, 2007-08-இல், மாநிலம் முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் முதல் நாலு வகுப்புக்கும் வந்துவிட்டது. அதன் பெயர்தான் செயல்வழிக் கற்றல்.

அந்த வகுப்பறையைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மேசை நாற்காலி கிடையாது, பாய். ஆசிரியரும் தரையில். சுவரைச் சுற்றிக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் தாழ்மட்டக் கரும்பலகை, ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் வெட்டி ஒட்டியதும் தொங்கும். வருகையைக் குழந்தையே குறித்துக்கொள்ளும். பல் விளக்கினேனா, நகம் வெட்டினேனா என்பதற்கு ஆரோக்கியச் சக்கரம். வெயிலா மழையா என்பதற்குக் காலநிலை அட்டவணை. ஆறு குழுக்கள்: முழுக்க ஆசிரியர் உதவியோடு படிப்பவர்கள் ஒரு தட்டில், கொஞ்சம் உதவியோடு ஒரு தட்டில், கூடப் படிக்கிற பிள்ளை சொல்லிக்கொடுக்க இரண்டு தட்டு, தானே படிக்க ஒன்று, மதிப்பீட்டுக்கு ஒன்று. சீட்டில் பறவை, விலங்கு, வண்டி என்று ஒரு சின்னம். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் தன் அட்டை எதுவென்று தெரிந்துவிடும்.

சென்னைக்கு இது ஒரு புதுமை. மலைக்கு? மலைப்பள்ளி ஏற்கெனவே வகுப்பு கலந்துதான் உட்கார்ந்திருந்தது, வேறு வழியில்லாமல். பெரியது சின்னதுக்குச் சொல்லிக்கொடுப்பதும் புதுசில்லை. புதுசு ஒன்றே ஒன்று. சாமை அறுப்புக்குப் போய்விட்டு இருபது நாள் கழித்து வருகிற பிள்ளை, ஏணியில் தன் பெயர் எந்தப் படியில் நிற்கிறதோ அந்த அட்டையை எடுத்து உட்காரலாம். விட்ட இடம் அங்கேயே காத்திருக்கும். வராத நாட்களுக்காகப் பின்வரிசைக்குப் போகவேண்டியதில்லை. நான் படித்தவரையில், ஒரு குழந்தையின் இல்லாமையைக் குற்றமாக எண்ணாமல் கணக்கில் எடுத்துக்கொண்டு வடிவமைத்த முறை இங்கே இதற்குமுன் மாநில அளவில் வந்ததில்லை. அந்த வகுப்பில் ஒரு மலைப்பிள்ளையின் சாதனை என்றால், காப்பித் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து அடுத்த படியில் கால் வைத்ததுதான். அதற்குக் கோப்பை கிடையாது.

குறைகளையும் சொல்லவேண்டும். ஓராசிரியர் பள்ளிகளில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த ஒன்று, ஒரே ஆணையில் எல்லாப் பள்ளிக்கும் போனது. கிழிந்த அட்டைக்கும் தொலைந்த அட்டைக்கும் மாற்று வருவது பெரிய பாடு. நடுவில் நாலு அட்டை இல்லாவிட்டால் ஏணியில் நாலு படி இல்லை. 'புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே' என்று பெற்றோர் கேட்டார்கள். பதிவு எழுதியே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் சலித்துக்கொண்டார்கள். பிறகு முறை எளிமையாக்கப்பட்டது, முப்பருவப் புத்தகம் வந்தது, அட்டைகள் பீரோவுக்குள் போயின. வகுப்பு மறுபடி பாட எண்ணின் பின்னால் நடக்கத் தொடங்கியது.

இதெல்லாம் வெறும் கற்பித்தல் முறை விவகாரம் என்று நினைத்தால், 2015 ஏப்ரல் 7-ஐ நினைத்துப் பாருங்கள். அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக்கிராமத்துக்காரர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். கூலிக்கு ஆள் பிடிக்கிற தரகர் வந்து நிற்கிற வாசல், பெரும்பாலும் பள்ளிப் பதிவேட்டில் பெயர் நின்றுபோன வீட்டு வாசல். பின்வரிசையிலிருந்து வெளியேறுகிற பையனுக்கு மலையில் வேறென்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அடுத்து நடந்ததைத்தான் நான் இந்த வரலாற்றின் மிகச் சுவாரஸ்யமான பகுதி என்பேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்புவரை திறந்தது 2021 நவம்பர் 1. ஏறக்குறைய பத்தொன்பது மாதம். அதாவது, தமிழ்நாட்டின் எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் மலைப்பிள்ளைகள் ஆனார்கள். எல்லார் பதிவேட்டிலும் இடைவெளி. அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது, மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதால் ஒரு குழந்தை மூன்றாம் வகுப்புப் பாடத்துக்குத் தயார் என்று அர்த்தமில்லை என்பது. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அந்தந்த நிலைக்கு வேலை கொடுக்கும் திட்டம். பெயரும் படமும் வேறு. உள்ளே இருக்கிற யோசனை அந்தப் பழைய ஏணிதான்.

அதே ஆண்டு செப்டம்பர் 15-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், அவற்றில் 237 தொலைதூர, மலைப்பகுதிப் பள்ளிகள். மதிய உணவு பிள்ளையை மத்தியானம்வரை பள்ளியில் நிறுத்தியது என்றால், இது விடிந்ததும் நடக்க வைக்கிறது. வருகைப் பதிவேட்டின் கண்ணோடு பார்த்தால் இரண்டும் ஒரே வரலாற்றின் இரண்டு அத்தியாயங்கள்.

2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலைப் புலியூர்ப் பக்கத்து ஸ்ரீபதி, 23 வயதில், உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி வந்தது. மலையாளிப் பழங்குடிப் பெண்களில் முதல்வர். குழந்தை பிறந்த இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதியவர். தமிழ்வழியில் படித்தவர். எல்லோரும் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். அந்தச் செய்தியிலேயே இன்னொரு வரி இருந்தது: அவர் பள்ளிப்படிப்பை முடித்தது ஏலகிரி மலையில். இந்த மலையை விட்டு அந்த மலைக்குப் போகவேண்டியிருந்தது. அப்படிப் போக முடியாத பிள்ளைகள் எவ்வளவு பேர் என்பது எந்த ஆண்டு மலரிலும் வராது.

ஒரு நீதிபதி வந்துவிட்டார் என்பதால் கணக்கு நேராகிவிடாது. அறுப்புக்குப் போன பிள்ளை திங்கட்கிழமை திரும்பி வரும்போது அதற்கென்று ஓர் அட்டை, ஓர் இடம், கூட உட்கார ஒரு குழு அங்கே இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும். முறையின் பெயர் எத்தனை தடவை மாறினாலும் சரி, மலைப்பள்ளி ஒன்றைப் பற்றி நான் குறிப்பெடுத்தால் முதலில் கேட்பது இதைத்தான்.