தூண்டிலில் ஓர் இறகு

நற்செய்தி ஏடுகளில் வலைகள் பல உண்டு; தூண்டிலோ ஒரே ஒருமுறைதான் வருகின்றது. கோவில் வரி கேட்கப்பட்டபோது பேதுருவைக் கடலுக்கு அனுப்பித் தூண்டில் போடச் சொன்னார் ஆண்டவர் (மத்தேயு 17). வலை பலரின் உழைப்பு. தூண்டில் ஒருவரின் காத்திருப்பு.

அக்காத்திருப்பை ஒரு கலையாக எழுதிவைத்த பழைய ஆங்கில நூல் 1496-இல் அச்சேறியது. சோப்வெல் கன்னியர் மடத்துத் தலைவி ஜூலியானா எழுதியதென்பது மரபு; ஆய்வாளர் ஐயுறுகின்றனர். சுத்தபோசன நாட்கள் மிகுந்திருந்த அக்காலத்தில் மடத்தாருக்கு மீனில் அக்கறை இருந்ததில் வியப்பில்லை! முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்யும் பன்னிரண்டு பொய்ப்பூச்சிகளை அந்நூல் விவரிக்கின்றது.

பொய்ப்பூச்சி எதற்கு? குளிர்ந்த சிற்றோடைகளில் வாழும் பழுப்பு டிரௌட் மீன், நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்துவரும் பூச்சிகளைக் கவ்வும். எனவே தூண்டிற்காரர் கீழ்ப்புறமிருந்து, அதன் முதுகுப் பக்கமாக, ஓசையின்றி நெருங்குவார். பூச்சிக்கு எடையில்லை, கயிற்றின் எடையே அதைக் கொண்டுசெல்லும். நிழல் நீரில் விழுந்தால் மீன் மறைந்துவிடும்.

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு ஓடை என்றால் ஐப்பசியில் பெருகிக் கோடையில் மணலாவது. இத்தகைய சமவெளி வெயிலுக்கு அஞ்சி நீலகிரிக்கு ஏறிய ஆங்கிலேயர், ஊரின் நினைவாகப் பழங்களையும் பூக்களையும் நட்டனர். மீனையும் நட விரும்பினர். சென்னை மாகாணப் படையின் மருத்துவர் பிரான்சிஸ் டே 1863-இல் டிரௌட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். மறு ஆண்டே, பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதித்த முட்டைகளைக் கப்பலேற்றி டாஸ்மேனியாவில் அதனை வாழவைத்தனர். டே மனம் சோர்ந்துவிடவில்லை. இந்திய மீன்களையெல்லாம் தேடித்தேடி ஆராய்ந்து, 1875 முதல் 1878 வரை பெருநூலாக வெளியிட்டார். நம் மீன்களை அவ்வளவு அறிந்த ஒருவரே நம் ஓடைகளில் அயல்மீனை விட நினைத்தார் என்பது எனக்கு ஆறாத புதிர். டிரௌட் ஊனுண்ணி, சிறுமீனையும் தவளையையும் விட்டுவைக்காது. அம்மலைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த தோதவரும் படகரும் இம்மீனைக் கேட்கவுமில்லை.

மாகாண அரசின் மீன்வள வல்லுநர் எச். சி. வில்சன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் முயன்றார். அவலாஞ்சியில் பொரிப்பகம் எழுந்தது. பழுப்பு டிரௌட் அங்கே நிலைக்கவில்லை. வெப்பத்தைச் சற்றே கூடுதலாகத் தாங்கும் வானவில் டிரௌட் நிலைத்தது. அது ஆங்கிலேயரின் நாட்டு மீனே அன்று, வட அமெரிக்காவின் மேற்குக் கரையது! ஊர் ஏக்கத்தில் தூண்டில் போட்டவருக்குக் கிடைத்தது இன்னொரு நாட்டின் மீன். பழுப்பு டிரௌட்டைக் காண விரும்புவோர் காசுமீரத்திற்குப் போகலாம். 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகளின் வழித்தோன்றல்கள் அங்குள்ள ஓடைகளில் தாமாகவே பெருகி வாழ்கின்றன.